தீவுக்குப் போகும் புதுமணத் தம்பதியருக்கு



ஒரு தலைமுறைக்கு முன்வரை சித்தூர், திருப்பதி வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் தேனிலவு என்னும் சொல் அதிகம் வழங்கவில்லை. விவாகம் முடிந்தபின் மறுவீட்டு விருந்து. சற்று வசதியுள்ளோர் மதனப்பள்ளிக்கு அப்பால் ஹார்ஸ்லி மலைக்குப் போய் இரண்டு நாள் தங்கித் திரும்புவர். கடப்பைக் கலெக்டராயிருந்த ஹார்ஸ்லி என்னும் ஆங்கிலேயரின் பெயரைத் தாங்கி, 1,265 மீட்டர் உயரத்தில் நிற்கும் அந்த மலையே நமக்கு ஊட்டியாக இருந்தது. இன்றோ நிலைமை வேறு. சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் விவாக ஆலோசனைக்கு வந்து அமர்கிறார்கள். மண்டபம், விருந்து, அழைப்பிதழ் எல்லாம் பேசி முடித்தபின், சற்று வெட்கத்தோடு, "பாஸ்டர் ஐயா, அந்தமானுக்குப் போகலாமென்று இருக்கிறோம். எங்கே தங்கினால் நல்லது?" என்று கேட்கிறார்கள்.

இதை அற்பமான கேள்வியென்று நான் தள்ளிவிடுவதில்லை. நம் வீடுகளில் இன்றும் பெரும்பாலும் பெற்றோர் பார்த்து முடிக்கும் விவாகங்களே. நிச்சயத்துக்குப் பின் சில மாதங்கள் தொலைபேசியில் பேசியதன்றி இருவரும் ஒருவரையொருவர் அறியார். மோசேயின் நியாயப்பிரமாணம் புதிதாய் விவாகம் செய்தவனை ஓராண்டுக் காலம் படைக்கு அனுப்பாமல் வீட்டிலிருக்க விட்டது. நம் பிள்ளைகளுக்கு அலுவலகம் தருவதோ ஆறு நாள், மிஞ்சினால் எட்டு நாள். திரும்பி வந்தவுடன் மாமியார் வீட்டுச் சமையலறையும் பெங்களூர்ப் பேருந்தும் காத்திருக்கின்றன. அந்த ஆறு நாளில் எத்தனை மணி நேரம் இருவரும் அமைதியாய் அமர்ந்து பேசப்போகிறார்கள் என்பதைத் தங்குமிடமே பெருமளவு நிர்ணயிக்கிறது. ஆகவே விளம்பரப் படத்தைப் பார்த்து அறையைத் தெரிந்துகொள்ளாமல், படகின் நேரத்தையும் கடலின் ஓதத்தையும் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள் என்று அவர்களுக்குச் சொல்லுகிறேன்.

பெயர்களை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். ஹேவ்லாக் தீவு 2018 டிசம்பரில் ஸ்வராஜ் துவீப் என்றும், நீல் தீவு ஷாஹீத் துவீப் என்றும் பெயர் மாற்றம் பெற்றன. போர்ட் பிளேர் நகரம் 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம். படகுச் சீட்டில் புதுப்பெயர் இருப்பதைக் கண்டு வேறு தீவுக்குப் போகிறோமோ என்று பதறவேண்டாம். நம் ஜனங்களின் வாயில் பழைய பெயர்களே வழங்குவதால் நானும் அவற்றையே எழுதுகிறேன்.

முதல் தங்குமிடம் தீவில் அல்ல, சென்னையில். திருப்பதியிலிருந்து சென்னை ஏறக்குறைய 140 கிலோமீட்டர். சித்தூரிலிருந்து அதைவிடச் சற்று அதிகம். போர்ட் பிளேருக்குச் செல்லும் விமானங்களில் பல விடியற்காலையிலும் காலையிலுமே புறப்படுகின்றன. வரவேற்பு மேடையில் இரவு பத்து மணிவரை நின்றுவிட்டு, பட்டுப்புடவையோடு வாடகைக் காரில் ஏறி, விடிய விடியப் பயணம் செய்து விமானம் ஏறுகிறவர்கள் உண்டு. தீவில் முதல் நாள் முழுவதும் அவர்கள் தூங்குகிறார்கள். முந்தின நாளே வந்து மீனம்பாக்கத்துக்கு அருகில் பல்லாவரத்திலோ திரிசூலத்திலோ எளிய அறையொன்றில் தங்குவது நலம். சென்னையிலிருந்து கப்பலும் உண்டு. ஆனால் மூன்று நாள் ஆகும். ஆறு நாள் விடுப்பில் அது ஆகாத காரியம்.

விமானம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலாகப் பறந்து போர்ட் பிளேரில் இறங்கும். அங்கே தமிழ் பேசுவோர் ஏராளம். அபர்தீன் பஜாரில் தமிழில் விலை கேட்கலாம். இட்லி சாம்பாருக்கும் குறைவில்லை. ஹேவ்லாக்கில் விமான நிலையம் கிடையாது. வடகிழக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் கடலைக் கடக்கவேண்டும். தனியார் விரைவுப் படகில் ஒன்றரை மணி நேரம். அரசுப் படகில் இரண்டு, இரண்டரை மணி நேரம். அரசுப் படகு ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்தும், தனியார் படகுகள் ஹாடோ துறையிலிருந்தும் புறப்படுகின்றன. மாலைக்குமேல் இவை ஓடுவதில்லை. விமானம் இறங்கிய அன்றே பிற்பகல் படகில் ஹேவ்லாக்குக்கு ஏற்றிவிடும் முகவர்கள் உண்டு. விமானம் தாமதித்தால் படகுச் சீட்டும் போயிற்று, அங்கே கட்டிய அறை வாடகையும் போயிற்று. முதல் இரவைப் போர்ட் பிளேரிலேயே கழியுங்கள். 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையை அன்று மாலை பார்த்துவிடலாம். அந்த ஓர் இரவுக்குக் கடலோர விடுதி தேவையில்லை. துறைமுகத்துக்குச் சமீபமான சுத்தமான அறை போதும்.

இனி ஹேவ்லாக். இங்கேதான் தெரிந்தெடுப்பு மெய்யாகவே கடினம். 1950-களில் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த வங்காள அகதிகளைக் குடியேற்றிய தீவு இது. இதன் ஊர்களையும் கரைகளையும் எண்ணால் அழைப்பது வழக்கம்: படகுத்துறை 1, கோவிந்த் நகர் 3, விஜய் நகர் 5, ராதா நகர் 7. விடுதிகளில் பெரும்பாலானவை 3-க்கும் 5-க்கும் இடையே கிழக்குக் கரையில் இருக்கின்றன. மூங்கில் குடில் முதல் குளிர்சாதன அறை வரை எல்லாத் தரமும் அங்கே உண்டு. கடைகளும் உணவகங்களும் அருகில். ஆனால் கடல் வற்றும் வேளையில் அந்தக் கரையில் தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கி, பாறையும் பவளக் கற்களும் வெளியே தெரியும். படத்தில் நீலமாய்த் தெரிந்த கடலில் இறங்கிக் குளிக்க ஓதம் ஏறும்வரை காத்திருக்கவேண்டும். இதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

மேற்குக் கரையிலுள்ள ராதா நகரோ மணற்பரப்பு. டைம் பத்திரிகை 2004-ல் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது இதைத்தான். ஓதம் வற்றினாலும் அங்கே குளிக்கலாம். சூரியன் கடலில் இறங்குவதையும் காணலாம். படகுத்துறையிலிருந்து 12 கிலோமீட்டர் அளவு தூரம். அந்தப் பக்கத்து விடுதிகள் சிலவே. வாடகை மிக அதிகம். இருட்டியபின் ஆட்டோ கிடைப்பது அரிது. நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் கிழக்குக் கரையில் தங்கி, ஒருநாள் மாலை ராதா நகருக்குப் போய்வருவதே சரியென்பது என் கருத்து. ஒரு எச்சரிக்கையும் உண்டு. ராதா நகருக்குப் பக்கத்துக் கழிப்பகுதியில் 2010-ல் ஒரு வெளிநாட்டுப் பெண்ணை முதலை கொன்றது. உயிர்காப்போர் நிற்கும் இடத்தை விட்டு, தனிமை நாடி ஒதுக்குப்புறத்துக்கு நீந்தப் போகவேண்டாம்.

கடல் தெரியும் அறைக்கு விடுதிக்காரர் கூடுதல் வாடகை கேட்பார். கடன் வாங்கியாவது அதை எடுக்கவேண்டுமென்று மணமகன் எண்ணுவான். மணமகள் முன் குறைந்துபோகக் கூடாதென்ற எண்ணம்தான். அந்தமான் நமக்கு வெகு கிழக்கே இருக்கிறது, கடிகாரமோ ஒன்றே. ஆகவே பொழுது அங்கே திருப்பதியைவிட ஏறத்தாழ ஐம்பது நிமிடம் முன்னதாகவே சாய்ந்துவிடும். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே சூரியன் மறையும். ஐந்தரைக்குமேல் சன்னலில் தெரிவது இருட்டு. பகலிலோ இருவரும் வெளியே இருப்பார்கள். அந்தப் பணத்துக்கு நல்லதொரு திண்ணையும், மின்சாரம் நின்றால் ஓடும் ஜெனரேட்டரும், கொசுவலையும் உள்ள அறையைக் கேளுங்கள். மாலை நீளமாயிருக்கும், அந்தத் திண்ணையில்தான் பேச்சு வளரும். மணல் ஈக்கள் கடிக்கும், பூசிக்கொள்ள மருந்து கொண்டுபோங்கள். தீவில் ஏ.டி.எம். சிலவே, கையில் ரொக்கம் இருக்கட்டும். முன்பெல்லாம் அங்கே இணையம் கிடைப்பது அரிது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கம்பி போட்டபின் ஹேவ்லாக்குக்கும் அது எட்டிவிட்டது. இதனால் அம்மாவின் தொலைபேசியும் நாளுக்கு நான்குமுறை எட்டிவிடுகிறது என்று ஒரு புதுமணப்பெண் சொல்லிச் சிரித்தாள்!

நீல் தீவு ஹேவ்லாக்கைவிடச் சிறியது, அமைதியானது. மிதிவண்டியிலேயே சுற்றிவரலாம். பரத்பூர், லக்ஷ்மண்பூர், சீதாபூர் என்று மூன்று கரைகள், நடுவே காய்கறித் தோட்டங்கள். மதனப்பள்ளித் தக்காளித் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்தவர்களுக்கு அந்நிய இடமாகத் தோன்றாது. கடலுக்கடியில் போய்ப் பார்க்கும் விளையாட்டுகளில் நாட்டமில்லாதவர்கள் ஹேவ்லாக்கை விட்டு நீலிலேயே மூன்று இரவு தங்கலாம். இரண்டு தீவிலும் ஒவ்வோர் இரவு என்று முகவர்கள் போடும் திட்டத்தை மட்டும் ஏற்காதீர்கள். பெட்டி கட்டுவது, துறையில் வரிசையில் நிற்பது, பெட்டி அவிழ்ப்பது என்றே நாள் கழிந்துவிடும். எந்தத் தீவானாலும் ஒரே அறையில் மூன்று இரவு.

அதே திட்டங்களில் பாராடங் என்றொரு பயணமும் இருக்கும். விடியுமுன்பே எழுந்து, ஜராவா பழங்குடியினரின் காப்புக்காட்டின் வழியே வாகன அணிவகுப்பில் போகவேண்டும். அந்த ஜனங்களைக் காட்சிப்பொருளாக்கிய படங்கள் வெளிவந்து 2012-ல் நாடே பேசிற்று. மனிதரை வேடிக்கை பார்க்க வண்டியேறுவது எனக்கு ஒப்பவில்லை. அந்த நாளைத் தீவுக் கரையிலேயே கழியுங்கள்.

கடைசி இரவு கண்டிப்பாகப் போர்ட் பிளேரில். 2016 டிசம்பர் முதல் வாரத்தில் புயல்சின்னத்தால் படகுகள் நின்று, ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் சிக்கினார்கள். கடற்படைக் கப்பல்கள் போய் அழைத்துவந்தன. டிசம்பர் நல்ல பருவம் என்று சொல்லப்படும் மாதத்திலேயே இப்படி. நம் பக்கத்தில் பள்ளி விடுமுறையை எண்ணி மே மாதத்தில் விவாகம் வைக்கிறோம். மே பிற்பாதியில் தென்மேற்குப் பருவமழை அந்தமானை எட்டிவிடும். செப்டம்பர்வரை கடல் கொந்தளிப்புதான். மே மாத விவாகமானால் தேனிலவை ஜனவரிக்குத் தள்ளி வைப்பதில் குற்றமில்லை. இப்போதைக்கு ஹார்ஸ்லி மலை இருக்கவே இருக்கிறது.

மாலத்தீவுக்குப் போக விரும்புவோரும் கேட்கிறார்கள். அங்கும் இதே கணக்குதான். ஒரு தீவுக்கு ஒரு விடுதி. அறை வாடகைக்கு மேல், விமான நிலையத்திலிருந்து அந்தத் தீவுக்குக் கொண்டுபோகும் விசைப்படகுக்கோ கடல் விமானத்துக்கோ தனிக் கட்டணம் வைப்பது வழக்கம். கடல் விமானம் பகலில் மட்டுமே பறக்கும். மாலையில் போய் இறங்கினால் முதல் இரவு மாலே பக்கத்தில் தங்கவேண்டியதே. குடிமக்கள் வாழும் தீவுகளில் எளிய விருந்தினர் இல்லங்கள் உண்டு. அங்கே மது கிடையாது என்பது நம் பிள்ளைகளுக்கு ஒரு வசதி.

சீட்டுப் பதிவு செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். விவாகமாகிவிட்டதே என்ற உற்சாகத்தில் மணமகளின் பெயரோடு கணவன் பெயரைச் சேர்த்து விமானச் சீட்டு எடுத்துவிடுகிறார்கள். அடையாள அட்டையிலோ தகப்பன் பெயர் இருக்கும். விமான நிலைய வாசலில் நிற்கும் காவலருக்கு அட்டையும் சீட்டும் ஒத்திருக்கவேண்டும். அட்டையில் எப்படியோ அப்படியே விமானத்துக்கும், படகுக்கும், விடுதிக்கும் எழுதுங்கள். கணவன் பெயரை ஊருக்குத் திரும்பி வந்தபின் மாற்றிக்கொள்ளலாம்.