பள்ளிப் பிடிப்பும் பதின்பருவக் குற்றமும்

சிறுவர்கள் ஏன் தவறு செய்கிறார்கள் என்பதே குற்றவியலின் வழக்கமான கேள்வி. அமெரிக்கச் சமூகவியலாளர் டிராவிஸ் ஹிர்ஷி அதைத் திருப்பிப் போட்டார்: பெரும்பாலோர் ஏன் செய்வதில்லை? கலிபோர்னியாவின் ரிச்மண்ட் பகுதியில் 4,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் திரட்டிய தகவல்களை வைத்து 1969-இல் அவர் வெளியிட்ட நூல், வீட்டோடும் பள்ளியோடும் உள்ள பிணைப்பே கடிவாளம் என்றது. (மாணவிகளும் பதில் சொல்லியிருந்தார்கள், அலசலில் அவர்களைக் காணோம்.)

பள்ளியில் அந்தப் பிணைப்பு ஒரே நாளில் அறுவதில்லை. பாடம் புரியாதவன் மதிப்பெண்ணில் பின்தங்குகிறான், பள்ளி கசக்கிறது, ஆசிரியர் தன்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி என்றாகிறது. அதன்பின் யார் அதட்டினாலும் காதில் ஏறாது. வேலை, விளையாட்டு என்று பையனின் நேரத்தை நிரப்பிவிட்டால் போதும் என்ற பெற்றோரின் நம்பிக்கைக்கு அந்தத் தரவுகளில் வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. வீட்டுப்பாடத்துக்குச் செலவான நேரம் மட்டும் ஓரளவு தடுத்தது.

1985-இல் ஆலன் லிஸ்கா, மார்க் ரீட் இருவரின் ஆய்வில் காரணமும் விளைவும் இடம் மாறின: குற்றச்செயல் பள்ளிப் பிடிப்பைத் தளர்த்துவதே அதில் தெளிவாகத் தெரிந்தது. திருடிப் பிடிபட்ட பையனைப் பள்ளியும்தான் வேறு கண்ணால் பார்க்கிறது.