பவளத்துக்கும் காய்ச்சல் வரும்

வீட்ல ஒரு கடல் மீன் தொட்டி வெச்சிருக்கேன். ரெண்டு கோமாளி மீன், அவ்ளோதான். பார்க்கிறவங்க எல்லாரும் கேக்குற கேள்வி: "ஏன் டாக்டர், பவளம் வைக்கல?" பதில் கொஞ்சம் நீளம். அதான் இந்த த்ரெட் 🧵

1/ வெளியே வெயில் 40 டிகிரி அடிச்சாலும் நம்ம உடம்பு வேர்த்து விறுவிறுத்து 37-லயே நிக்கப் பார்க்கும். பவளத்துக்கு அந்த வசதி கிடையாது. தண்ணி என்ன சூடோ, அதுதான் அதோட சூடு.

2/ பவளத்தோட திசுக்குள்ள நுண்பாசி குடியிருக்கு. பவளத்தின் சாப்பாட்டில் பெரும்பங்கு இந்தப் பாசி தயாரிச்சுத் தர்றதுதான். வழக்கமான கோடை உச்சத்தைவிட கடல் சூடு 1 டிகிரி கூடி சில வாரம் நீடிச்சாலே, பவளம் பாசியை வெளியேத்திடும். வெள்ளையாகிடும். வெளுத்ததுமே செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்லை. சூடு சீக்கிரம் தணிஞ்சா பாசி திரும்பும், பவளம் பிழைக்கும். தணியலைன்னா பட்டினிதான்.

3/ அடுத்து ஆக்சிஜன். தண்ணி சூடாக ஆக, அதில் கரையிற ஆக்சிஜன் குறையும். அதே நேரம் மீனுக்குத் தேவை கூடும். வார்டு பாஷையில சொன்னா, டிமாண்ட் ஏறுது, சப்ளை இறங்குது. கடல் நிதானமா சூடாகும். நம்ம சேலம், நாமக்கல் பக்கம் மே மாசத்துல ஒரு சின்னத் தொட்டி ஒரே மதியத்துல சூடேறிடும்.

4/ என்ன பண்ணலாம்? ஹீட் ஸ்ட்ரோக் நோயாளியை நனைச்சு ஃபேன் போடுறோம் இல்லையா, அதே வித்தைதான். தண்ணி மேல படுற மாதிரி சின்ன ஃபேன் வைங்க. நம்ம ஊர் கோடைக் காத்து வறண்டது, நல்லாவே வேலை செய்யும். ஆவியாகிற தண்ணி உப்பை விட்டுட்டுப் போகும். அதனால குறையிற அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணி மட்டும் ஊத்துங்க. ஐஸ் கட்டி கொட்டாதீங்க, திடீர் மாற்றம் மீனுக்கு ஆகாது. கரண்ட் போனா சமாளிக்க பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு கையில இருக்கட்டும்.

5/ ஆனா கடலுக்கு யார் ஃபேன் போடுறது? ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவுல 21 தீவுகள், சுத்தி பவளத் திட்டுகள். 1986-ல தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க. ஆள் தொடாம காக்கலாம், சூடு எல்லை பார்க்காது. 2010-லயும் 2016-லயும் அங்க பவளம் பெருமளவு வெளுத்துச்சு. 2016-ல நிறைய செத்தும் போச்சு. 2024-ல லட்சத்தீவிலயும் வெளுத்துச்சு. மீன் குஞ்சுகள் ஒளிஞ்சு வளர்றது இந்தத் திட்டுகள்லதான். அது போனா அடி விழுறது கரையோர மீனவர் அடுப்புல.

6/ பிழைச்சது தேறணும்னா அதை விட்டு வைக்கணும். நம்ம கடல் பவளத்தை எடுக்கிறதும் விக்கிறதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். "ராமேஸ்வரம் சரக்கு, உயிரோட இருக்கு"ன்னு யாராவது காட்டினா வாங்காதீங்க.

மீன் வளர்க்க ஆசையா? பொரிப்பகத்துல வளர்ந்த கோமாளி மீனா கேட்டு வாங்குங்க. கூடவே ஒரு தெர்மாமீட்டரும்.