தேதியும் மழையும்

டிசம்பர் 25 என்ற தேதிக்கு நாளிதழ்களும் போட்டித் தேர்வுப் புத்தகங்களும் தருகிற 'வரலாற்றில் இன்று' பட்டியல் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது. ஐசக் நியூட்டன் பிறந்தார், 1642. மதன் மோகன் மாளவியா பிறந்தார், 1861. ஜின்னா, 1876. வாஜ்பாய், 1924. ராஜாஜி மறைந்தார், 1972. சார்லி சாப்ளின் மறைந்தார், 1977. கோர்பசேவ் பதவி விலகினார், 1991. சில பட்டியல்களில் 1968ம் உண்டு: கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். சில பட்டியல்களில் இல்லை. இருக்கிற பட்டியலிலும் அது வாஜ்பாய்க்குக் கீழே, ராஜாஜிக்கு மேலே, ஒரு வரி.

ஆட்களைத் தேர்ந்தெடுத்தது பற்றி எனக்குப் புகார் இல்லை. எந்தப் பட்டியலிலும் யாராவது விட்டுப்போவார்கள். ஒரே தேதி என்பதால் இந்தச் சம்பவங்களுக்குள் ஏதோ சம்பந்தம் இருப்பதாக ஒரு பாவனை வந்துவிடுகிறதே, அதுதான் உறுத்துகிறது. தேதி அப்படியொன்றும் உறுதியான பொருள் இல்லை. நியூட்டன் பிறந்தபோது இங்கிலாந்து பழைய ஜூலியன் காலண்டரில் இருந்தது. அதே நாள் பிரான்சில் 1643 ஜனவரி 4. நியூட்டனைக் கிறிஸ்துமஸ் தினத்துக் குழந்தை என்று சொல்கிறவர், கால்வாயின் எந்தக் கரையில் நின்று சொல்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

நம் கரையிலும் இது நடந்திருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் புதிய காலண்டரை அனுசரித்தார்கள். சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயர்கள் 1752 வரை பழையதை விடவில்லை. இரண்டு ஊருக்கும் இடையே 150 கிலோமீட்டர் தூரம், 11 நாள் வித்தியாசம். 1746ல் லா பூர்தொனே சென்னையைப் பிடித்தது பிரெஞ்சுக் கணக்கில் செப்டம்பர் 21, ஆங்கிலக் கணக்கில் செப்டம்பர் 10. அடுத்த மாதம் ஓர் இரவில் புயல் வந்து சென்னைக்கு எதிரே நங்கூரமிட்டிருந்த அவனுடைய கப்பல்களைச் சிதறடித்தது. ஒரு கணக்கில் அக்டோபர் 13, இன்னொரு கணக்கில் அக்டோபர் 2. அடித்தது ஒரே காற்று. ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் ஐரோப்பியத் தேதியோடு தமிழ் வருஷத்தையும் மாதத்தையும் சேர்த்தே எழுதுகிறவர். அந்தக் கணக்குப்படி அது அட்சய வருஷம், ஐப்பசி பிறக்கும் தறுவாய். மூன்று கணக்குகளில் புயலைப் பற்றி ஏதாவது சொல்வது ஐப்பசி என்ற சொல் ஒன்றுதான். மற்றவை வரிசை எண்கள்.

ஒரு நாள் எங்கே தொடங்குகிறது என்பதிலும் உடன்பாடு கிடையாது. இங்கிலீஷ் தேதி நள்ளிரவில் மாறுகிறது. பஞ்சாங்கத்துக்குச் சூரியன் உதிக்க வேண்டும். 1964ல் தனுஷ்கோடியைக் கடல் கொண்ட இரவை டிசம்பர் 22 என்றும் சொல்கிறார்கள், 23 என்றும் சொல்கிறார்கள். பஞ்சாங்கப்படி விடியும் வரை 22தான். வானிலை நிலையத்துக்கோ காலை 8.30தான் எல்லை. முந்தின நாள் 8.30லிருந்து பெய்ததெல்லாம் இன்றைய தேதியில் ஏறும். 2015 வெள்ளத்தில் தாம்பரத்துக்குச் சொல்லப்படும் 49 சென்டிமீட்டர், டிசம்பர் 2ந் தேதி காலைக் கணக்கு. அதில் பெரும்பகுதி கொட்டியது 1ந் தேதி பகலிலும் இரவிலும்.

வீட்டுச் சுவரில் தொங்குகிற தினசரி காலண்டரின் தாளும் ஒரு நாளைப் பற்றி எவ்வளவோ சொல்கிறது. நல்ல நேரம், எமகண்டம், சூலம், சந்திராஷ்டமம், அன்று மேல்நோக்கு நாளா கீழ்நோக்கு நாளா என்ற தகவல். 1968 டிசம்பர் 25 புதன்கிழமை. புதனுக்கு ராகு காலம் பகல் 12 முதல் 1.30 வரை. கீழ்வெண்மணியில் குடிசைக்குத் தீ வைத்தது இரவில். ராகு காலம் கழிந்து வெகு நேரம் ஆகியிருந்தது. காலண்டரை நான் பரிகசிக்கவில்லை. ஊர் தெரியாமல் நாளைப் பற்றிப் பேசுகிற எதுவும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கும் என்கிறேன். 'வரலாற்றில் இன்று' பட்டியல் காலண்டர் தாளின் படித்த தம்பி. அவ்வளவுதான்.

இவற்றோடு ஒப்பிட்டால் மழைமானி யோக்கியமானது. அதற்கு ஓர் ஊர் உண்டு. இந்த ஊரில், இத்தனை மணி வரை, இத்தனை மில்லிமீட்டர் என்றுதான் அதனால் பேச முடியும். பக்கத்து ஊரில் பெய்ததைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. அதன் வழக்கங்களில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். 2.5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் நம் வானிலைத் துறை அதை 'மழை நாள்' என்று எண்ணுவதில்லை. ஆனால் அந்தக் குறைந்த மழையையும் எழுதி வைக்கிறது. அளக்க முடியாத தூறலுக்குக்கூட ஒரு குறியீடு வைத்திருக்கிறது. எண்ணிக்கையில் சேராதது பதிவில் இருக்கிறது. இது ஒரு நல்ல நாட்குறிப்புக்காரனின் தர்மம். பிள்ளை இன்றும் படிக்கக் கிடைப்பது இதனால்தான். ஒரு கப்பல் வந்தால் எத்தனை பீரங்கி போட்டார்கள் என்பது, துய்ப்ளெக்ஸின் யுத்தம் நடக்கிற அதே பக்கத்தில் இருக்கிறது.

நான் வேலை செய்வது டெல்டாவில் ஒரு வங்கிக் கிளையில். வங்கிக்கும் தேதிக்கும் உள்ள உறவு விசித்திரமானது. சேமிப்புக் கணக்குக்கு 2010 ஏப்ரல் முதல்தான் தினசரி இருப்பின் மேல் வட்டி. அதற்கு முன் மாதத்தின் 10ந் தேதியிலிருந்து கடைசித் தேதி வரை இருந்த குறைந்தபட்ச இருப்புதான் கணக்கு. 2ந் தேதி போட்டு 9ந் தேதி எடுத்த பணம் வங்கியைப் பொறுத்தவரை வட்டியின் உலகத்துக்குள் வரவேயில்லை. டிசம்பர் 25 வங்கி விடுமுறை. எங்கள் கிளையில் அந்தத் தேதியிட்ட வவுச்சர் ஒன்றுகூடக் கிடையாது. வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

வங்கி தருகிற டைரியில் ஏழெட்டு வருஷமாக வானிலையை எழுதி வருகிறேன். அதிகம் இல்லை, நாளுக்கு இரண்டு வரி. காலை மூட்டம். வாடை. பனி தாமதமாக விலகியது. இதில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. மழையின் அளவு தனியாக எதையும் சொல்வதில்லை. ஐப்பசியில் ஒரு நாள் பெய்கிற 50 மில்லிமீட்டர் இங்கே யாரையும் கலவரப்படுத்தாது. அதே மழை மார்கழிக் கடைசியில் சம்பா கதிர் வாங்கி நிற்கும்போது பெய்தால் கவுண்டருக்கு முன்னால் நிற்கிறவர்களின் முகம் மாறிவிடுகிறது. "இனிமே வேண்டாங்க. கதிரு சாஞ்சா எந்திரிக்காது" என்று நகைக்கடன் ரசீதை நீட்டிக்கொண்டே ஒருவர் சொன்னார். இந்த வாக்கியத்தோடு சேரும்போதுதான் 50 ஓர் எண்ணாகிறது.

என் கவிஞ நண்பர் ஒருவர் இந்த டைரியைப் புரட்டிவிட்டு, "இதெல்லாம் அற்ப விஷயம்" என்றார். வேடிக்கை என்னவென்றால் அவரே அற்ப விஷயங்களைத்தான் கவிதையாக எழுதுகிறார். ஆறிய காபி, ஜன்னலில் ஒரு குருவி, வராத பஸ். நம் சிறு பத்திரிகைகளில் இன்று பாதிக்கு மேல் இவைதான். மகாசம்பவங்களைப் பாடி ஓய்ந்த மரபுக்கு எதிராக அன்றாடத்தைப் பிடித்துக்கொண்டது சரியான காரியம்தான். ஆனால் அந்தக் காபி எந்த ஊரில் ஆறியது, குருவி எந்தப் பருவத்தில் வந்தது என்பது கவிதையிலிருந்து தெரிவதில்லை. ஊரின் பெயரை எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்தக் காபியைச் சுற்றிலும் ஒரு காற்று இருக்க வேண்டும், யாரோ ஒருவருக்கு ஏதோ ஒன்று நஷ்டமாகவோ லாபமாகவோ இருக்க வேண்டும். இல்லாதபோது அன்றாடமும் ஒரு பட்டியலாகிவிடுகிறது. வரலாற்றுப் பட்டியலில் 44 பேர் ஒரு வரியாவதும், கவிதையில் குருவி ஒரு வரியாவதும் ஒரே சுலபத்தினால்தான்.

கீழ்வெண்மணியில் தகராறு எதைப் பற்றியது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகிறது. விவசாயத் தொழிலாளர்கள் கூலி நெல்லில் சிறிது கூடக் கேட்டார்கள். சங்கமாகச் சேர்ந்து கேட்டார்கள். நம் பாஷையில் 'அற்ப விஷயம்' என்று சொல்லத்தக்க அளவு நெல். படியால் அளக்கிற சமாசாரம். இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும், எல்லாரும் ஒரே குடிசைக்குள் ஒளிந்தவர்கள். டிசம்பர் 25 என்று எழுதினால் இதில் ஒன்றும் தெரியவில்லை. கீழத் தஞ்சை, மார்கழி, வயலில் நெல், அளக்கிறவன் கையில் மரக்கால் என்று தொடங்கினால்தான் நெருப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

மழைமானியின் யோக்கியதைக்கும் எல்லை உண்டு என்பதை மறுக்கவில்லை. 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை இதே நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். கடல் உள்ளே வந்ததற்கு மழைமானியில் கட்டம் கிடையாது. குடிசை எரிந்ததற்கும் கிடையாது. அந்த இடத்தில் மனுஷன் எழுதித்தான் ஆக வேண்டும். அவன் என்ன எழுதப்போகிறான் என்பது, கடலும் நெருப்பும் இல்லாத சாதாரண நாட்களில் தன் ஊரின் நெல்லையும் காற்றையும் எப்படிப் பார்த்துப் பழகியிருக்கிறான் என்பதைப் பொறுத்தது. பழக்கமில்லாதவன் அன்றைக்கும் ஒரு வரிதான் எழுதுவான். அடுத்த வருஷத்திலிருந்து அது பட்டியலில் வரும்.