தண்ணி வண்டி

‘டேய், உங்க தண்ணி வண்டி வந்துருச்சு’ என்று தெருப் பையன்கள் கத்தினால், சின்ன வயதில் நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். தெருமுனையில் லாரி இருக்காது. அப்பா தள்ளாடிக்கொண்டு வந்துகொண்டிருப்பார். அவருக்குத்தான் அந்தப் பெயர் என்று புரிய எனக்கு ரொம்ப நாள் ஆனது.

நம் பேச்சில் தண்ணி படும் பாடு கொஞ்சமில்லை. அடித்தால் அது சாராயம். எதிராளிக்குப் போக்குக் காட்டினால் தண்ணி காட்டுவது. கைவந்த வேலை என்றால் தண்ணி பட்ட பாடு. அதிகாரியைத் தண்டிக்க மாற்றினால் தண்ணியில்லாக் காடு. ‘தண்’ என்றால் குளிர்ச்சி. அதை மறந்து ‘சுடுதண்ணி’ என்றும் சொல்கிறோம்.

பாட்டி வாயில் இருந்தது வேறொன்று. ‘அவனத் தண்ணி தெளிச்சு விட்டாச்சுப்பா.’ இனி எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று அர்த்தம். பெற்ற மகனைப் பற்றி அக்கம்பக்கத்தில் அப்படித்தான் சொல்வாள். அப்பா காதிலும் விழும்.

2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. எங்கள் தெருவுக்கு லாரி வர நள்ளிரவு தாண்டிவிடும். குடங்களை வரிசையில் போட்டுவிட்டு விழித்திருந்தவர் அப்பாதான். அன்றைக்கும் குடித்துத்தான் இருந்தார். ஆனாலும் மூன்று மாடி சுமந்து வந்து, ஒரு சொட்டு சிந்தாமல் குடத்தை இறக்கினார்.

பாட்டி எழுந்து வந்தாள். ஒரு சொம்பு மொண்டு அவரிடம் நீட்டினாள்.

‘குடிடா’ என்றாள்.