வாசலில் கேட்ட கேள்வி

என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்தவன் பட்டினி கிடந்தான். நான் தினமும் அவனிடம் ‘சாப்ட்டியாடா?’ என்று கேட்டேன். இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தன.

திருப்பூர் 15 வேலம்பாளையத்தில் ஒரு லைன் வீடு. நான் உசிலம்பட்டிப் பக்கம். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். அவன் கமுதிப் பக்கத்துப் பையன், என்னைவிடச் சிறியவன், சாயப்பட்டறையில் வேலை. வாடகை ஆளுக்குப் பாதி. சாப்பாடு அவரவர் பாடு. ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்து, வாசலில் செருப்பை விடும்போதே அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவேன். பதில் வருவதற்குள் துண்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விடுவேன். திருப்பூரில் அறை எடுத்துத் தங்குகிற பலரும் இப்படித்தான் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் நான் அப்படிக் கேட்டதற்குப் பழக்கம் மட்டும் காரணம் இல்லை.

2011 ஜனவரி கடைசியில், நொய்யல் ஆற்றில் கழிவு கலப்பது நிற்காததால், சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. ஆற்றங்கரை விவசாயிகளின் நிலத்தையும் கிணற்றையும் சாயம் கெடுத்திருந்தது. ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர்தான் தேங்கிக் கிடந்தது. உத்தரவு நியாயம் என்றே அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் பக்கத்துப் பாயில் படுத்திருந்தவனுக்கு வேலை போனது எனக்குத் தெரியும். தெரியாமல் இருக்க வழியே இல்லை. சாயம் ஏறாமல் துணி வராது. துணி வராமல் எனக்குப் பீஸ் வராது. என் சம்பளமும் குறைந்துகொண்டிருந்தது.

அவன் நகக்கண்ணில் எப்போதும் நீலமோ சிவப்போ ஒட்டியிருக்கும். அது வாராவாரம் வெளுத்தது. பார்த்தேன்.

‘சாப்ட்டியாடா?’

‘ஆச்சுண்ணே.’

அதற்கு மேல் கேட்டால் கடன் கேட்பான் என்று பயந்தேன். ‘நாளைக்கு வேலை இருக்கா?’ என்று கேட்டிருக்கலாம். ‘கையில காசு இருக்கா?’ என்று கேட்டிருக்கலாம். இவற்றுக்குப் பொய் சொல்வது அவனுக்குக் கஷ்டம். அதனாலேயே கேட்கவில்லை. தினமும் விசாரிக்கிற அண்ணன் என்ற பேர் மட்டும் எனக்கு வேண்டியிருந்தது.

வாடகை நாளில் தன் பங்கைச் சரியாகக் கொடுத்தான். நான் எண்ணி வாங்கினேன். எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை.

சில நாள் கழித்து, ஒரு காலையில், குழாயடியில் குடத்தோடு விழுந்தான். பக்கத்து வீட்டு அக்காதான் ஓடிவந்து தூக்கினார். ‘எப்பக் கண்ணு சாப்ட்டே?’ என்றார். நான் தினமும் கேட்டதும் கிட்டத்தட்ட அதேதான். அவர் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார். அவன் சொன்னான். செல்போனை விற்று வாடகை கொடுத்தது, பகலை டீயும் பன்னுமாக ஓட்டியது, ராத்திரி தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தது, எல்லாவற்றையும் அவரிடம் சொன்னான். நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னை அவன் பார்க்கவில்லை.

அந்த வாரமே ஊருக்குப் போனான். பஸ் செலவுக்கும் அந்த அக்காதான் கொடுத்தார்.

இப்போது என்னோடு ஒடிசாப் பையன்கள் இருவர் தங்கியிருக்கிறார்கள். அவர்களும் உள்ளே நுழையும்போதே ‘கானா காயா?’ என்று இந்தியில் அதையேதான் கேட்பார்கள். நான் உட்கார்ந்த பிறகுதான் பேச்சைத் தொடங்குகிறேன். ‘மத்தியானம் என்ன சாப்ட்டே?’ என்று கேட்கிறேன். சனிக்கிழமை என்றால் ‘சம்பளம் முழுசா வந்துச்சா?’ என்கிறேன். சோறு கூடுதலாக வடித்த நாளில் எதுவும் கேட்பதில்லை, தட்டை வைத்துவிடுகிறேன். உடம்பு அலுத்த இரவுகளில் பழையபடி வாசலிலேயே கேட்டுவிட்டு நகர்வதும் உண்டு. அதையும் மறைக்கவில்லை.

கமுதிப் பையனிடம் வாங்கிய அந்த மாத வாடகையை நான் திருப்பித் தரவில்லை. பட்டறைகள் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகும் அவன் வரவில்லை. அவன் ஊர் எனக்குத் தெரியும். ஒரு ராத்திரி பஸ் பயணம்தான். ‘எப்படிடா இருக்கே?’ என்று நான் கேட்டால், இந்த முறை அவன் உள்ளதைச் சொல்லிவிடுவான். அதனால்தான் இன்னும் போகவில்லை.