அப்பா காவல் காத்த ராகி

ஐப்பசி, கார்த்திகை வந்தாலே அப்பா நினைப்பு கூடிவிடுகிறது. எங்கள் ஜவளகிரிப் பக்கம் ராகிக் கதிர் முற்றும் காலம் அது. பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைகள் இறங்கி வரும் காலமும் அதுதான்.

கதிரை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, உமியை ஊதிவிட்டு, நாலு மணியை வாயில் போட்டு மெல்லுவார் அப்பா. பக்குவம் தெரிந்துவிடும். அறுப்பு வரைக்கும் ராத்திரியெல்லாம் பரணில்தான் படுக்கை. யானையைக் கல்லால் அடித்தவர்களை அவர் மன்னித்ததே இல்லை. "அது போற வழிய மறிச்சுட்டு அது மேலயே கோவப்படறதா?" என்பார். 2014இல் எங்கள் ஜவளகிரிக் காடு காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்தில் சேர்ந்தபோது மனசாரச் சந்தோஷப்பட்டார். பயிர் போனால் வலிக்கத்தான் செய்யும், அதையும் மறைக்கமாட்டார்.

கூலி விஷயத்தில் மட்டும் கறார். பொழுது சாய்வதற்குள் வேலைக்கு வந்தவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும். "அவங்க வீட்டு அடுப்பு நம்ம கணக்கு முடியற வரைக்கும் காத்திருக்காது."

தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் சரளம். சந்தையில் எதிரே நிற்பவர் எந்த மொழியோ அதில்தான் பேச்சைத் தொடங்குவார். நான் ஓசூர் சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொன்னதும் இதுதான்: "வெளியூர்லருந்து வர்ற பசங்ககிட்ட நீயே போய்ப் பேசு. அவங்களுக்கு இங்க யாரையும் தெரியாது." ஒடிசா, பீகார் பையன்களோடு இன்றும் அப்படித்தான் பழகுகிறேன்.

உங்கள் பேத்தி இப்போது மூன்று மொழியும் பேசுகிறாள், அப்பா. நீங்கள் இருந்து கேட்டிருக்க வேண்டும்.