கண்ணி

கண்ணி என்ற சொல்லுக்கு வகுப்பில் நாம் மூன்று பொருள் சொல்வது வழக்கம்: பூமாலை, பறவையைப் பிடிக்கும் சுருக்கு, இரண்டடிச் செய்யுள். நான்காவது பொருளைப் பாம்பனில் நம் மாணவர் ஒருவரின் தந்தை கற்பித்தார். மீன்பிடித் தடைக்காலம் அது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. கரையில் அமர்ந்து இறால் இழுவலையின் மடியைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார்.

கண்ணி இவ்வளவு அகலமாக இருக்கையில் குஞ்சு மீன்கள் எவ்வாறு அகப்படுகின்றன என்று கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை. வலையின் ஒரு முனையை மகனிடம் கொடுத்து, மறுமுனையைத் தாம் இழுத்தார். சாய்சதுரக் கண்கள் யாவும் ஒடுங்கிக் கீற்றுகளாயின. "படகு இழுக்கையில மடி கண்ண மூடிக்கிரும் ஐயா. உள்ள போனது வெளிய வராது."

பின்பு வேறொரு மடியை எடுத்தார். அதே நூல், அதே முடிச்சு. வலைத்துண்டை 45 பாகை திருப்பித் தைத்திருந்தார்கள், அவ்வளவுதான். நூல்கள் இழுவையின் திசையிலேயே ஓடுவதால், எவ்வளவு இழுத்தும் சதுரங்கள் திறந்தே நின்றன. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நெடுங்காலமாகப் பரிந்துரைத்து வருவது இந்தச் சதுரக் கண்ணியைத்தான். ஒரு திருப்பத்தில் இத்தனை உயிர்கள் தப்புமெனில், எல்லோரும் ஏன் இதற்கு மாறவில்லை? ஆசிரியர்களுக்கே உரிய அவசரத்தோடு கேட்டுவிட்டோம்.

"போன வருசம் ஒரு நடை இதக் கட்டிப் போனேன். பொடி இறால் கொஞ்சம் நழுவுச்சு, அது போகட்டும். சங்காயம் இல்லாமப் போச்சே!"

சங்காயம் என்பது இறாலோடு சேர்ந்து வரும் பொடிமீன் குவியல். உலர்ந்து கோழித் தீவனமாகப் போவது. வளர்ந்தால் நல்ல விலை பெறும் மீன்களின் குஞ்சுகளும் அதில் கிடக்கும். ஆனால், டீசல் கடனில் ஒரு பகுதியை அடைப்பது அந்தக் குவியல்தான் என்றார். சற்றுத் தயங்கி, "இவன் காலேஜுப் பணமும் அதுலதான் ஐயா" என்றார்.

மாணவர் தலை நிமிரவில்லை. நாமும் வலையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

தடை முடிந்ததும் எந்த மடி என்று, விடைபெறும்போது கேட்டோம்.

"பக்கத்துப் படகுக்காரன் எதக் கட்டுறான்னு பாக்கணும். நான் விட்ட குஞ்ச அவன் அள்ளிட்டா?"

இரண்டு மடிகளையும் மடித்து ஒரே சாக்கில் திணித்துக்கொண்டிருந்தார்.